முதல் பக்கத்தில் இருந்த வார்த்தை

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை என்று தெரிந்த பிறகும் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையை அவர் காதுபடச் சொல்லவில்லை. "நெஞ்சுல சளி கட்டியிருக்குப்பா, சரியாயிரும்" என்று சொல்லி வைத்திருந்தோம். ஸ்கேன் ரிப்போர்ட்டை அம்மா அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். தாராவியில் எங்கள் வீடு ஒரே அறை, மேலே ஒரு பரண். மறைக்க வேறு இடம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவில், பேலியேட்டிவ் கேர் என்பார்களே, அங்கே ஓர் ஆராய்ச்சி செவிலியர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நோய் முற்றியவர்களுக்கு வாராவாரம் ஒரு செவிலியர் போன் செய்து வலி, மூச்சிரைப்பு எல்லாம் விசாரித்தால் அவர்களுக்கும் வீட்டாருக்கும் பாரம் குறைகிறதா என்று பார்க்கும் ஆய்வு. புது மருந்து எதுவும் இல்லை. மூன்று மாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு கேள்வித்தாள். பணம் தரமாட்டார்கள், போக்குவரத்துச் செலவு மட்டும் உண்டு.

சித்தப்பாவிடம் சொன்னபோது கொதித்துப் போனார். "சாகக் கெடக்க மனுசன வச்சு ஆராய்ச்சி பண்ணுதாங்களா? அண்ணன் என்ன எலியா?" எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. மறுநாள் போய் "வேண்டாம்" என்றேன்.

அந்தச் செவிலியர் கோபப்படவில்லை. இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "உங்க அப்பா தெளிவா இருக்கார். சம்மதமோ மறுப்போ, அதை அவர்தான் சொல்லணும். நீங்க தயாராகும்வரை நாங்க அவர்கிட்ட பேச மாட்டோம்." கையில் இருந்த படிவத்தைப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே, தலைப்பிலேயே இருந்தது: முற்றிய புற்றுநோய். அப்பாவிடம் சம்மதம் கேட்பதென்றால் அந்த வார்த்தையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் மருத்துவரிடம், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பா முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். எதையும் சொல்லவில்லை, கேட்டார்: "உங்களுக்கு என்ன நோய்னு நீங்க நினைக்கிறீங்க?" அதை நான் தமிழில் கேட்டேன். அப்பா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"கரண்ட் வைக்கக் கூட்டிட்டுப் போனியே, அங்க எனக்கு முன்னால நின்னவனுக்கும் அதான், பின்னால நின்னவனுக்கும் அதான். எனக்கு மட்டும் சளியா, பிள்ள? இவ எத்தன நாளைக்குத்தான் மறைப்பான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் அப்பா கரண்ட் என்பார்.

அன்றைக்கு ராத்திரி அம்மா அந்த ரிப்போர்ட்டை எடுத்து அலமாரியில் மற்ற காகிதங்களோடு வைத்தாள்.

படிவம் ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றிலும் இருந்தது. அப்பா ஐம்பது வருஷமாக இந்தி பேசினாலும் வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டு நெறிகள் மரணத் தறுவாயில் இருப்பவர்களைத் தனிப் பாதுகாப்பு தர வேண்டியவர்களின் பட்டியலில் வைக்கின்றன. அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், அந்த மொழிபெயர்ப்பை, ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். தமிழ்ப் படிவம் வர மூன்று வாரம் ஆனது. மிஞ்சியிருக்கும் நாட்களில் மூன்று வாரம் போகிறதே என்று எனக்குப் பதைபதைப்பு. இந்தித் தாளையே நான் வாசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. இளவயதில் தோல் பட்டறையில் வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போட்டு ஒரு வருஷக் கூலியை இழந்தவர் அவர்.

வந்த தாள் பதினோரு பக்கம். விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். மூச்சு வாங்கியதால் நடுவில் இரண்டு முறை நிறுத்தினார். இரண்டே கேள்விதான் கேட்டார். பாதியில் வேண்டாமென்றால் மாத்திரை நின்றுவிடுமா? நிற்காது. என் பேரு வெளிய வருமா? வராது, எண் மட்டும்தான். நான் என் பங்குக்கு அந்த ஆய்வின் பதிவு எண்ணைச் சரிபார்த்தேன். மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு, சி.டி.ஆர்.ஐ., 2007 முதல் இருக்கிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். கையெழுத்தான படிவத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அதில் இருக்கும். இந்த நிலையில் யாராவது இருந்தால் இந்த இரண்டையும் தவறவிடாதீர்கள்.

கையெழுத்துப் போடுமுன் மருத்துவர் ஒன்று சொன்னார். 2010-இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஆரம்பத்திலேயே வலி நிவாரணப் பராமரிப்பு பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேராவது வாழ்ந்த காலம், 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. "அந்த 151 பேரும் சரின்னு சொன்னதாலதான் நமக்கு இது தெரிஞ்சது" என்றார். அப்பா பேனாவை வாங்கித் தமிழில் முழுப் பெயரையும் எழுதினார்.

பிறகு உறை. யாருக்கு வாராந்திர போன், யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து மூடி வைத்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று பிரிக்கும் வரை அவர்களுக்கும் தெரியாது. அப்பாவுக்கு வந்தது வழக்கமான சிகிச்சைக் குழு. வாராந்திர போன் கிடையாது. தம்பி அங்கேயே சத்தம் போட்டான்: "அப்பா உசுரு குலுக்கல் சீட்டா?" எனக்கும் கண் கலங்கிவிட்டது. போன் அழைப்பால் நன்மை உண்டா என்பதே இன்னும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இரண்டு குழு, வலிக்கான மார்ஃபின் மாத்திரையோ மருத்துவரோ இவருக்குக் குறையாது என்று விளக்கினார்கள். குறையவும் இல்லை. நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, இரவில் எழுப்பாமல் இருக்கத் தூங்கப் போகும்போது இரட்டை அளவு, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. மூச்சிரைப்புக்கும் மார்ஃபின்தான் ஆசுவாசம் தந்தது.

கேள்வித்தாள் எட்மண்டன் அளவுகோல் எனப்படுவது. வலி, அசதி, குமட்டல், கவலை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை. 0 என்றால் தொல்லை இல்லை. எங்களுக்குத் தந்த தாளில் ஓரிடத்தில் 'நல்வாழ்வு' என்றிருந்தது. அப்பா யோசிக்காமல், "கடன் இல்ல, ரெண்டு பிள்ளையளும் நல்லா இருக்கு. சைபர் போடு" என்றார். முந்தின இரவு முழுக்க உட்கார்ந்தே விடிய வைத்தவர்! உடம்பும் மனசும் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப எட்டு." வலிக்கு ஏழு. எங்களிடம் ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை. மருத்துவர் அன்றே அளவைக் கூட்டினார். அந்த வார்த்தை குழப்புகிறது என்று செவிலியரிடம் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

எனக்கும் ஒரு தாள் உண்டு, பார்த்துக்கொள்பவருக்கு 22 கேள்வி. அவர் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா? 'ஒருபோதும் இல்லை' என்று போட்டுவிட்டு வந்தேன். அதற்கு முந்தின வாரம்தான் பாயை நனைத்துவிட்டார் என்று அப்பாவைப் பார்த்துக் கத்தியிருந்தேன். மறுநாள் போன் செய்து மாற்றச் சொன்னேன். "நிறையப் பேர் மாத்துவாங்க அக்கா" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றும் அவரை நினைக்கிறேன்.

கடைசி நாட்களை எங்கே கழிக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி. அப்பா "வீட்ல" என்றார். "தொண்டையில குழாய் எதுவும் வேண்டாம்." இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்தது. 2023-இல் நடைமுறையையும் எளிதாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி முன்னிலையில் கையெழுத்து, அவ்வளவே. அப்பா தானே சொல்லச் சொல்ல எழுதினோம். ஒரு சாட்சி பக்கத்து வீட்டு மாமா. வீட்டில் இறந்தால் இறப்புக் காரணச் சான்றிதழை யார் தருவார் என்பதையும் முன்னதாகவே பேசி வைத்தோம். அதற்குப் படிவம் 4ஏ. விடியற்காலையில் அதற்காக அலைய வேண்டியிருக்கவில்லை.

அப்பா ஐந்தாவது தாளோடு நின்றுவிட்டார். ஆறாவதை நிரப்பவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, முன்பே அனுமதி கேட்டிருந்தபடி, செவிலியர் போன் செய்தார். அவர் விரும்பிய இடத்தில்தான் இறந்தாரா? ஆமாம். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா? 'நல்வாழ்வு' என்ற வார்த்தையை மாற்றிவிடுங்கள் என்றேன்.

போனை வைத்ததும், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா கேட்டார்: "அண்ணன் கடைசித் தாள்ல வலிக்கு எம்புட்டுப் போட்டான்?"

"ரெண்டு, சித்தப்பா."

"ரெண்டுதானா?" என்று இன்னொரு தடவையும் கேட்டார்.