கழுவிப் பிரிக்கும் வேலை

பாலியல் வன்கொடுமை வழக்கொன்றில் தடய ஆய்வகம் தரும் டி.என்.ஏ. அறிக்கை பெரும்பாலும் மூன்று பக்கங்களைத் தாண்டாது. எண்கள் நிரம்பிய ஓர் அட்டவணையும் அதன் கீழே முடிவு என்று நான்கு வரிகளும் இருக்கும். அரசு வழக்கறிஞர் அந்த நான்கு வரிகளைப் படிப்பார்; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உறையின் முத்திரை உடையாமல் வந்ததா என்று கேட்பார். ஒரே பஞ்சுக் குச்சியிலிருந்து எடுத்த டி.என்.ஏ. அட்டவணையில் 'விந்தணுப் பகுதி' என்றும் 'எபிதீலியப் பகுதி' (உடலின் மேற்படலச் செல்கள், இங்கே பெண்ணுடையவை) என்றும் இரண்டாக எப்படிப் பிரிந்தது என்ற கேள்வியை, நான் ஆய்வகத்தில் இருந்த பதினோரு ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் எதிர்கொண்டேன். கேட்டவர் நீதிபதி. அன்று சாட்சிக் கூண்டில் நின்றபடி பத்து நிமிடத்தில் சொன்னதை இங்கே சற்று நிதானமாக எழுதுகிறேன்.

மருத்துவர் எடுத்தனுப்பும் பஞ்சுக் குச்சியில் பாதிக்கப்பட்ட பெண்ணின் செல்கள் லட்சக்கணக்கில் இருக்கும்; குற்றவாளியின் விந்தணுக்கள் சில நூறுதான் இருக்கக்கூடும். இரண்டையும் சேர்த்துக் கரைத்துவிட்டால் டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரம் எது அதிகமோ அதைத்தான் பெருக்கிக் காட்டும், ஆணின் டி.என்.ஏ. அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். ஆகவே பெருக்குவதற்கு முன்னாலேயே, செல்கள் செல்களாக இருக்கும்போதே, இரண்டையும் பிரித்தாக வேண்டும். இதற்கான வழியை 1985ஆம் ஆண்டிலேயே பீட்டர் கில், அலெக் ஜெஃப்ரிஸ், டேவிட் வெரட் ஆகிய மூவரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரையில் சொல்லிவிட்டார்கள். டி.என்.ஏ. கைரேகை என்ற முறையை ஜெஃப்ரிஸ் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் கண்டடைந்தது அதற்கு முந்தைய ஆண்டில்தான். அந்தக் கைரேகை முறை வழக்கொழிந்துவிட்டது. ஆனால் விந்தணுவைத் தனியே பிரிக்கும் அந்தச் செய்முறை, சில்லறை மாற்றங்களுடன், இன்றும் ஆய்வக மேசையில் இருக்கிறது.

பிரிப்பதற்கு இடம் கொடுப்பது விந்தணுவின் தலைக்கட்டுதான். சாதாரணச் செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரதத்தைச் சுற்றித் தளர்வாகக் கிடக்கும். விந்தணுவிலோ அது புரோட்டமின் என்ற வேறு புரதத்தோடு இறுக்கமாகக் கட்டப்பட்டு, அந்தக் கட்டுகள் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாக இணையும் டைசல்பைடு பிணைப்புகளால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். சோப்புப் போன்ற எஸ்.டி.எஸ். கரைசலும் புரதத்தை அரிக்கும் புரோட்டினேஸ் கே என்ற நொதியும் சேர்ந்தால் பெண்ணின் செல்கள் உடைந்து கரைந்துவிடும். விந்தணுவின் தலை மட்டும் அசையாது. அந்தப் பூட்டைத் திறக்க டி.டி.டி. என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் டைதயோதிரைட்டால் வேண்டும். அழகு நிலையங்களில் முடியைச் சுருட்டவும் நிமிர்த்தவும் பூசும் மருந்துகள் பலவும் முடியிலுள்ள இதே கந்தகப் பிணைப்பைத்தான் உடைக்கின்றன, நாற்றமும் ஏறக்குறைய அதுவேதான். டி.டி.டி. பாட்டிலைத் திறந்த நாளில் மதியச் சாப்பாட்டில் முட்டை இருந்தால் நான் தொடமாட்டேன்.

சொல்வதற்கு எளிது, செய்யும்போது பொறுமை சோதிக்கப்படும். பஞ்சில் பாதியை மட்டும் வெட்டி, கரைசலில் ஊறவைத்து, செல்களை உதிர்த்து, சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்சிப் பொறியில் சுற்றுகிறோம். ட்யூபின் அடியில் படியும் வீழ்படிவிலிருந்து ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, 'கிறிஸ்துமஸ் மரம்' என்று செல்லப்பெயர் கொண்ட சாயத்தை ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், விந்தணுவின் தலை சிவப்பாகவும் வால் பச்சையாகவும் தெரியும். பெரும்பாலும் வால் இருப்பதில்லை, உதிர்ந்துபோயிருக்கும். ஒரு தகடு முழுக்கத் தேடி இரண்டே இரண்டு சிவப்புத் தலைகளைக் கண்டு, அவை உண்மையிலேயே தலைகள்தானா என்று பக்கத்து மேசைக்காரரை அழைத்துக் காட்டிய நாட்கள் உண்டு.

அதன்பின் எஸ்.டி.எஸ்.ஸும் புரோட்டினேஸ் கேயும் சேர்த்து, 37 டிகிரியிலோ 56 டிகிரியிலோ ஓரிரு மணி நேரம் வைத்து, மறுபடியும் சுற்றினால், மேலே தெளிந்து நிற்கும் நீரில் பெண்ணின் டி.என்.ஏ. வந்துவிடும், அடியில் விந்தணுத் தலைகள் தங்கும். மேல்நீரை வேறு ட்யூபுக்கு மாற்றும் அந்த அரை நிமிடத்தில்தான் கை நடுங்கக்கூடாது. அடியில் இருப்பது அரிசி நொய்யைவிடச் சிறியது. பல நேரங்களில் கண்ணுக்கே தெரியாது, இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் வேலை நடக்கும். பைப்பெட்டின் நுனியை எதிர்ச்சுவரில் சாய்த்து, மெதுவாக உறிஞ்சி, கடைசி 50 மைக்ரோலிட்டரை ஆசைப்படாமல் விட்டுவிட வேண்டும். பிறகு தாங்கல் கரைசல் ஊற்றி, கலக்கி, சுற்றி, மேல்நீரைக் கொட்ட வேண்டும். இப்படி மூன்று முறை, பெண்ணின் செல்கள் மிக அதிகமாக இருந்தால் ஐந்து முறை. கழுவல் குறைந்தால் விந்தணுப் பகுதியிலும் பெண்ணின் டி.என்.ஏ. ஒட்டிக்கொண்டு வரும், கூடினால் ஒவ்வொரு முறையும் சில தலைகள் நீரோடு போய்விடும். எத்தனை முறை என்பதைக் கையேடு சொல்லும், எப்போது நிறுத்துவது என்பது கைப்பழக்கத்தில் வருவது. இறுதியாக டி.டி.டி.யுடன் மறுபடி நொதியைச் சேர்த்தால் பூட்டுத் திறந்து ஆணின் டி.என்.ஏ. கரைசலுக்குள் வரும்.

இதற்கெல்லாம் ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு. விந்தணுவின் தலை முதல் கட்டத்தைத் தாங்கி நிற்க வேண்டும். ஈரத்தோடு நாட்கணக்கில் கிடந்து கெட்டுப்போன தலைகள் டி.டி.டி. வரும்வரை காத்திருப்பதில்லை, எஸ்.டி.எஸ். பட்டதுமே உடைந்து, ஆணின் டி.என்.ஏ. பெண்ணின் பகுதிக்குள் போய் மூழ்கிவிடும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் அடியில் ஒன்றும் இராது. ஈரத் துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட்டால், வருடங்கள் கழித்தும் அதிலிருந்து விந்தணு கிடைக்கும். ஒரு முறை துவைத்த துணியிலிருந்துகூடக் கிடைத்திருக்கிறது. அதே துணியைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு அனுப்பினால் பூஞ்சைதான் கிடைக்கும். இதைக் கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறோம். பயிற்சி வகுப்பில் படம் காட்டிச் சொல்லியிருக்கிறோம். பிளாஸ்டிக் பைகள் வருவது நிற்கவில்லை.

ஆகவே, தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தந்த தீர்ப்பை வாசித்தபோது, மரண தண்டனை ரத்தானதைவிட அதன் பின்பகுதியில் இருந்த வழிகாட்டு நெறிகள்தான் என்னை நிறுத்தின. மாதிரிகள் எடுக்கப்பட்ட 48 மணி நேரத்துக்குள் உரிய ஆய்வகத்தைச் சென்றடைய வேண்டும், அதற்கு விசாரணை அதிகாரியே பொறுப்பு, தாமதமானால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் பதிய வேண்டும், மாதிரி யார் யார் கையில் எப்போது இருந்தது என்பதற்குத் தனிப் பதிவேடு வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டம் படித்தவர்கள் இதைச் சான்றின் நம்பகத்தன்மை பற்றிய விதியாகப் பார்ப்பார்கள். மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த 48 மணி நேரம் வேறொன்றையும் சொல்லும்: புரோட்டமின் கட்டு அவிழாமல் வந்து சேரும் வாய்ப்பு அது.

பிரித்தெடுத்த பிறகு நடப்பவற்றைச் சற்று வேகமாகவே கடந்துவிடலாம், ஏனெனில் அவற்றில் பெரும்பகுதியை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். முதலில் எவ்வளவு டி.என்.ஏ. இருக்கிறது என்று அளக்க வேண்டும். ஆளை அடையாளம் காட்டும் எஸ்.டி.ஆர். சோதனைக்கு அரை நானோகிராம் முதல் ஒரு நானோகிராம் வரை போதும். ஒரு சாதாரண மனிதச் செல்லில் 6.6 பிகோகிராம் (ஆயிரம் பிகோகிராம் ஒரு நானோகிராம்) அளவு இருப்பதால், ஒரு நானோகிராம் என்பது ஏறத்தாழ 150 செல்களின் டி.என்.ஏ.; விந்தணு பாதி மரபுத்தொகுதியையே சுமப்பதால் அங்கே 300 தலைகள் வேண்டும். இந்த அளவீட்டின்போதே ரத்தத்திலுள்ள ஹீமோ, மண்ணிலுள்ள ஹியூமிக் அமிலமோ, ஜீன்ஸ் துணியின் நீலச் சாயமோ பி.சி.ஆரைத் தடுக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். நீலச் சாயத்தால் நான் பட்ட பாட்டுக்குப் பிறகு ஜீன்ஸ் தடயம் வந்தாலே காந்த மணிகள் கொண்டு தூய்மைப்படுத்தும் முறைக்குப் போய்விடுவேன்.

எஸ்.டி.ஆர். என்பது டி.என்.ஏ.வில் நான்கெழுத்துச் சொல் ஒன்று திரும்பத் திரும்ப வரும் இடங்களின் நீளத்தை அளப்பது. ஒருவருக்கு ஓரிடத்தில் அந்தச் சொல் 11 முறையும் 14 முறையும் வந்தால் அட்டவணையில் 11, 14 என்று பதிவாகும். ஒன்று தாய்வழி, மற்றது தந்தைவழி. அமெரிக்காவின் குற்றவியல் டி.என்.ஏ. தரவுத்தளமான கோடிஸ் முதலில் 13 இடங்களைப் பார்த்தது, 2017 முதல் 20 இடங்களைப் பார்க்கிறது. இந்த நீளங்களை இயந்திரம் முகடுகளாகக் காட்டும் வரைபடத்தில் ஒவ்வொரு பெரிய முகட்டுக்கும் சற்று முன்னால், ஒரு சொல் குறைவான இடத்தில், குட்டி முகடு ஒன்று எழும். அது பி.சி.ஆர். வழுக்கியதால் வந்த நிழல். விந்தணுப் பகுதியில் அது நிழலா, கழுவலில் தப்பி வந்த பெண்ணின் டி.என்.ஏ.வா, இரண்டாம் ஆணா என்று முடிவு செய்யும்போதுதான், முதல் நாள் எத்தனை முறை கழுவினோம் என்ற குறிப்பேட்டின் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்போம்.

ஆண் பெண் பால் காட்டும் அமெலோஜெனின் என்ற இடத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. எக்ஸ் முகடு மட்டும் வந்தால் பெண், எக்ஸும் ஒய்யும் வந்தால் ஆண் என்பது பாடம். ஆனால் ஆண்களில் சிலருக்கு ஒய் குரோமோசோமில் அந்தத் துண்டே இல்லாமல் இருக்கும். அவர்கள் சோதனையில் பெண்ணாகத் தெரிவார்கள். 1998இல் வெளியான ஓர் ஆய்வில் சோதிக்கப்பட்ட 24 இலங்கை ஆண்களில் 2 பேர் அப்படி இருந்தார்கள். இந்திய ஆண்களிடமும் இது இருப்பதை ஐதராபாத்திலுள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி.யின் ஆய்வாளர்கள் 2002இல் எழுதினார்கள். மேலை நாடுகளில் மிக அரிதான இந்தக் குறை நம் பக்கத்தில் அவ்வளவு அரிதில்லை. விந்தணுவைக் கண்ணால் பார்த்துப் பிரித்தெடுத்த பகுதியில் பெண் என்று முடிவு வந்தால், கழுவலைக் குறை சொல்லும் முன் ஒய் குரோமோசோமின் வேறு இடங்களையும் பார்த்துவிட வேண்டும்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி. மாதிரிகளைப் பிரித்தெடுக்கும் ஒவ்வொரு தொகுதியிலும், தடயமே இல்லாத ஒரு வெற்று ட்யூபையும் அதே கரைசல்கள், அதே கழுவல், அதே சூடு என்று எல்லாவற்றின் வழியாகவும் கொண்டுபோவோம். அதற்கு பிளாங்க் என்று பெயர். வரைபடத்தில் அது சமதளக் கோடாக வர வேண்டும். அந்தக் கோட்டின் மதிப்பை ஜெர்மனி நல்ல விலை கொடுத்துக் கற்றது. 1993 முதல் 2009 வரை ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் 40 குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது, 2007இல் ஹைல்பிரானில் கொல்லப்பட்ட இளம் பெண் காவலரின் வழக்கும் அதில் ஒன்று. மூன்று லட்சம் யூரோ பரிசு அறிவித்துத் தேடிய அந்தப் பெண், தடயம் எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் கையாண்ட தொழிலாளி என்று 2009இல் தெரியவந்தது. குச்சிகளில் கிருமி இல்லைதான். ஆனால் கிருமியைக் கொல்வது வேறு, டி.என்.ஏ.வை அழிப்பது வேறு. அதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 18385 என்ற தரநிலை 2016இல் வந்தது.

எங்கள் கதையில் தொழிற்சாலை ஏதுமில்லை. ஆறு மாதிரிகளும் ஒரு பிளாங்கும் கொண்ட தொகுதி அது, நான் செய்தது. பிளாங்கின் வரைபடத்தில் ஐந்து இடங்களில் சிறு முகடுகள் எழுந்திருந்தன. ஆய்வகத்தில் வேலை செய்வோர் அனைவரின் விவரங்களையும் ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் பட்டியலில் தேடியபோது, முகடுகள் ஐந்தும் என்னுடையவற்றோடு பொருந்தின. முகக்கவசத்தைக் கீழே இறக்கிப் பேசினேனா, கையுறையோடு மூக்குக் கண்ணாடியைத் தொட்டேனா, இன்றுவரை நினைவில்லை. தொகுதி முழுவதையும் தள்ளுபடி செய்து, மிச்சம் வைத்திருந்த பாதிப் பஞ்சுகளிலிருந்து மறுபடி பிரித்தெடுத்தோம். ஐந்து மாதிரிகளுக்கு நல்ல முடிவு வந்தது.

ஆறாவதில் மிச்சமில்லை. அந்தக் குச்சியின் பாதியில் விந்தணு தென்படாததால், பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி முழுப் பஞ்சையும் வெட்டிப் போட்டிருந்தேன். 'முழுவதும் பயன்படுத்தப்பட்டது, பிளாங்கில் கலப்பு காணப்பட்டதால் முடிவு தெரிவிக்க இயலவில்லை' என்று அறிக்கையில் நானே எழுதிக் கையெழுத்திட்டேன். பஞ்சில்லாத வெறும் குச்சியை உறையிலிட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, மற்ற ஐந்தோடும் சேர்த்து நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினோம்.