கலண்டரில் முதலில் குறிக்கவேண்டிய நாட்கள்

புதுக் கலண்டரைச் சுவரில் கொழுவியதும் தைப்பொங்கல், சிவராத்திரி, வற்றாப்பளைப் பொங்கல் எப்போது என்று புரட்டிப் பார்ப்போம். இந்த முறை ஒரு பேனையையும் எடுங்கள். மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள். முல்லைத்தீவுக் கரையோர வீடுகளில், சுனாமி வந்த டிசம்பர் 26. உங்கள் வீட்டு ஆள் போன திகதி, அல்லது கடைசியாகக் கண்ட திகதி. அவற்றுக்கு ஒரு கிழமை முன்னால் ஒரு சிறு கோடு போடுங்கள்.

அந்த நாட்கள் நெருங்கும்போது நித்திரை குழம்பும். பிள்ளைகளில் காரணமில்லாமல் எரிந்து விழுவோம். பெருமூச்சு, நெஞ்சடைப்பு, உடம்பு எரிவு வரும். மனம் மறந்திருந்தாலும் அந்த மாத வெயிலும் புழுதியும் உடம்புக்கு நினைவூட்டிவிடும். ஏன் என்று தெரியாவிட்டால் "எனக்கு என்னவோ நடக்குது" என்ற பயமும் சேரும். கோடு இருந்தால் காரணம் தெரியும். அந்தக் கிழமையில் காணிப் பிரச்சினை, கலியாணப் பேச்சு, புதுக் கடன் எதையும் முடிவுசெய்யாதீர்கள். அன்று பின்னேரம் யாரோடு இருப்பது, எங்கே விளக்கேற்றுவது என்று முன்பே பேசி வையுங்கள். தனியே இருந்து போனில் பழைய காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் அன்றைக்கு ஆகக் கூடாத வேலை.

அடுத்தது நித்திரை. படுக்கும் நேரத்தை விட எழும்பும் நேரத்தை நிலையாக வைப்பதுதான் முக்கியம். இரவு குழம்பினாலும் காலையில் அதே நேரத்துக்கு எழும்புங்கள். எழும்பியதும் இருபது நிமிசம் வெளிச்சத்தில் நில்லுங்கள். முற்றம் கூட்டுவதும் கணக்குத்தான். மார்கழி, தை மாதத்து மூடிய வானம்கூட வீட்டு பல்பை விடப் பல மடங்கு வெளிச்சம். உடம்பின் மணிக்கூடு அதை வைத்துத்தான் ஓடுகிறது. கடைசித் தேத்தண்ணி மூன்று மணியோடு முடியட்டும். தேயிலையின் கஃபீனில் பாதி, குடித்து ஐந்து மணித்தியாலம் போனாலும் உடம்பில் நிற்கும், வெறுந்தேத்தண்ணியிலும் அதுதான். படுத்து இருபது நிமிசமளவில் நித்திரை வராவிட்டால் நுளம்பு வலைக்குள் புரளாமல் விறாந்தையில் வந்து குந்துங்கள், கண் சொருகும்போது திரும்பிப் போங்கள். போனைக் கையில் எடுத்தால் இது பலிக்காது. "கொஞ்சம் எடுத்தால் நித்திரை வரும்" என்பது பாதி உண்மை. குடி கெதியில் நித்திரையாக்கும், பிறகு நடுச்சாமத்தில் முறிக்கும். ஆனால் கனகாலமாகத் தினமும் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். வைத்தியரைக் கேட்டே நிறுத்தவேண்டும்.

மூச்சுப் பயிற்சியை எல்லாரும் சொல்வார்கள், பிழைக்கிற இடத்தைச் சொல்வதில்லை. மூக்கால் நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிசம், நாளுக்கு இரண்டு தடவை. பெரிதாக இழுத்தால் தலை சுற்றும், விரல் விறைக்கும்; சின்ன மூச்சே போதும். கண்ணை மூடினால் பழைய காட்சிகள் வருகிறவர்கள் மூடவேண்டாம். வெறுங்காலைக் குளிர்ந்த சீமெந்துத் தரையில் அழுத்தி வைத்து, தூரத்துப் பனையொன்றின் வட்டைப் பார்த்தபடி செய்யுங்கள். மனம் அமைதியாக இருக்கிற நாட்களில் பழகினால்தான் பதற்றத்தில் கைகொடுக்கும்.

யோசனைக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். பின்னேரம் ஐந்து மணி, ஒரு கொப்பி, கால் மணித்தியாலம். நுண்கடன் தவணை என்றால் அதை எழுதி, நாளைக்குச் செய்யக்கூடிய ஒரேயொரு வேலையைப் பக்கத்தில் எழுதுங்கள். இரவில் அது திரும்பி வந்தால், "கொப்பியில் இருக்கு" என்று விடலாம்.

இவற்றையெல்லாம் செய்தும் இரண்டு கிழமைக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே கிடந்தால், எதிலும் விருப்பமில்லாவிட்டால், மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். சாக நினைப்பு வந்தால் இரண்டு கிழமை பார்க்கவேண்டாம், உடனே போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவு பகல் வேலை செய்யும், தமிழிலும் பேசலாம். அப்படியான ஒருவர் வீட்டில் இருந்தால் தனியே விடாதீர்கள். வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்களை அன்றைக்கே வீட்டை விட்டு அகற்றுங்கள். முடியாவிட்டால் பெட்டியில் பூட்டி, திறப்பை அயலில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.