நுரையீரலில் புரதக் கசிவை அளக்கக் கற்ற அனுபவம்

பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தபோது, கடும் நுரையீரல் காயத்தில் இரத்தப் புரதம் எவ்வளவு கசிகிறது என்பதைச் சுண்டெலிகளில் அளக்கும் பணி எனக்கு அமைந்தது. விலங்கு நெறிமுறைக் குழு, எத்தனை எலிகள், ஏன் அத்தனை, வலியை எப்படித் தணிப்போம் என்று விரிவாகக் கேட்டது. உயிரை எடுக்கும் சோதனைக்கு அவ்வளவு கேள்வியும் தகும்.

பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு என்னும் பொருளை மூச்சுக்குழாயில் செலுத்தினால், நியூட்ரோபில்கள் என்னும் வெள்ளையணுக்கள் திரண்டு வந்து அழற்சி மூள்கிறது. இரத்தத்தையும் காற்றையும் பிரிப்பவை தந்துகியின் சுவரும் காற்று நுண்ணறையின் சுவருமே. இரண்டாவது சுவர்தான் மிக இறுக்கமானது. நலமான நுரையீரலில், இரத்தத்தின் முக்கியப் புரதமான ஆல்புமினை அது பெரும்பாலும் தடுத்துவிடும்.

ஈவான்ஸ் நீலம் என்னும் சாயம் இரத்தத்தில் ஆல்புமினோடு ஒட்டிக்கொள்வதால், அதை வால் சிரையில் செலுத்திவிட்டுப் பின்னர் நுரையீரலில் தேடலாம். ஆனால் முழு மயக்கத்தில் உள்ள எலியின் இதய வலது கீழறை வழியே உப்புக் கரைசலைச் செலுத்தி இரத்தத்தை முற்றிலும் கழுவாவிட்டால், குழாய்க்குள் தங்கிய சாயமும் கசிவாகக் கணக்கில் ஏறிவிடும். எனக்குக் கற்றுத்தந்த சேலத்து அக்கா, “அவசரப்படாதப்பா, அழுத்தம் கூடினா நீயே சுவரைக் கிழிச்சிடுவே” என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவார். பிறகு சாயத்தைப் பிரித்தெடுக்க, திசுவை ஃபார்மமைடு என்னும் கரைப்பானில் ஊறவைத்து, 620 நானோமீட்டரில் நிறத்தை அளந்தோம்.

இந்த அளவு மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. திசுவில் நீலம் இருந்தால் தந்துகிச் சுவர் கசிந்தது தெரியும். புரதம் காற்று நுண்ணறைக்குள்ளேயே வந்துவிட்டதா என்பதை, வேறு எலிகளின் நுரையீரலை உப்புக் கரைசலால் அலசி எடுத்த நீரில்தான் காண முடியும். அப்படி வந்த புரதம் நுண்ணறைகளைச் சுருங்காமல் காக்கும் சர்ஃபாக்டன்டைச் செயலிழக்கச் செய்கிறது. இரத்த உறைவில் உருவாகும் ஃபைப்ரின் என்னும் புரதம் அங்கே படலமாகப் படிகிறது. உப்பும் நீரும் ஓரளவு விரைவாக வெளியேற்றப்பட்டாலும் புரதம் மெதுவாகவே அகலும். நோயாளிகளிலும் இதே அடிப்படைதான்: நுரையீரல் நீரின் புரதச் செறிவு, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவினுடையதில் 0.65 பங்குக்குக் கீழிருந்தால் இதய அழுத்தத்தால் வந்த நீர் என்றும், 0.7-ஐத் தாண்டினால் சுவர் சேதம் என்றும் கருதுவார்கள்.

அலசிய நீர் சிவந்திருந்தால் அதன் புரத அளவைக் கசிவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அலசும்போது சிறு குழாய் கிழிந்தாலும் பிளாஸ்மா அதில் கலந்துவிடும்.