மகளின் முதல் இசிஜி

என் மகள் 32 வாரத்தில் பிறந்தாள். மூன்றாம் நாள் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டர், நடுநடுவே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது, இசிஜி எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். பச்சைக் குழந்தைகளுக்கு இது சகஜம், பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்றும் சொன்னார். அது என் காதில் ஏறவே இல்லை.

என் உள்ளங்கை அளவுகூட இல்லாத மார்பில் ஆறு ஒட்டிகள், வலது பக்கம் கூடுதலாக ஒன்று. ஒன்றோடொன்று உரசினால் பதிவு கெட்டுவிடும் என்று நர்ஸ் ஓரங்களைக் கத்தரித்து ஒட்டினார். அவள் கையை உதறும்போதெல்லாம் கோடு அலைபாய்ந்தது. என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அடங்கினாள். ஒட்டிகளை எடுக்கும்போது ஈரப்பஞ்சால் நனைத்து நனைத்து உரித்தார்கள். குறைமாதக் குழந்தையின் தோல் அவ்வளவு மெல்லியது.

தாளின் மேலே இயந்திரமே அச்சடித்திருந்தது: வலது அச்சு விலகல், வலது கீழறைத் தடிப்பு, இயல்பற்ற இசிஜி. எனக்குக் கை கால் ஓடவில்லை. வயதைப் பதியாமல் எடுத்ததால் அது பெரியவர்களின் கணக்கில் படித்திருக்கிறது. இது தெரிய மாலை ஆகிவிட்டது. யாராவது ஒருவர் அங்கேயே சொல்லியிருக்கலாம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வயிற்றில் இருக்கும்வரை நுரையீரலுக்கு அதிக ரத்தம் போவதில்லை. இதயத்தின் வலது கீழறைதான் பெரும்பங்கு ரத்தத்தை உடலுக்குத் தள்ளுகிறது. அதனால் பிறக்கும்போது வலதுபுறம்தான் பலமாக இருக்கும். அச்சு, அதாவது இதயத்தில் மின்தூண்டல் பரவும் பொதுவான திசை, வலப்பக்கம் சாயும். நெஞ்செலும்பின் வலதோரம் ஒட்டும் வி1-இன் பதிவில் ஆர் அலை என்ற மேல்நோக்கிய கூர்முனை உயரமாக நிற்கும். பெரியவருக்கு நோய், இவளுக்கு இயல்பு. நிறைமாதக் குழந்தைக்கு இந்தச் சாய்வு இன்னும் அதிகமாகவே இருக்குமாம். கடைசி வாரங்களில்தான் வலது கீழறை நன்றாகத் தடிக்கிறது. அதற்கு முன்பே வந்துவிட்ட குழந்தைக்குச் சாய்வு கொஞ்சம் குறைவு, அலைகள் சிறியவை, துடிப்பு வேகம்.

அப்புறம் பென்சிலால் எண்ணிக் காட்டினார். இசிஜி தாளில் இரண்டு பெரிய கட்டத்துக்கு ஒரு துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 150. பெரியவருக்கு இது படபடப்பு, இவளுக்குச் சாதாரணம். ஒரு சின்னக் கட்டம் 0.04 வினாடி, கீழறைகளில் மின்தூண்டல் பரவுவதைக் காட்டும் கியூஆர்எஸ் ஒன்றரைக் கட்டத்துக்குள் முடிந்திருந்தது. கடைசியாக வி1-இல், கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவதைக் காட்டும் டி அலையைத் தொட்டார். முதல் சில நாள் மேல்நோக்கி இருக்கலாம், ஒரு வாரத்தில் கீழே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் வலது பக்கத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்றார். அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கமே இல்லை.

பத்தாம் நாள் மறுபடி எடுத்தார்கள். பிறந்த தேதியைப் பதியும்வரை நர்ஸ் பக்கத்திலேயே நின்றேன். தாள் வெளியே வந்ததும் நேராக வி1-ஐத்தான் தேடினேன். டி அலை கீழே திரும்பியிருந்தது. முந்திக்கொண்டு வரும் துடிப்பு ஒன்று மட்டும் கடைசி வரியில் இன்னும் இருந்தது. ஒரு மாதம் கழித்து எடுத்த தாளில் அதுவும் இல்லை.