மோட்டார் ரூம் சாவி

என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஊராட்சிச் செயலராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊருக்குள் எனக்குக் கிடைத்த மரியாதை அதனால்தான். மனு எழுத வேண்டுமா, பாகம் பிரித்ததைக் குறித்துவைக்க வேண்டுமா, "கிளார்க்கைக் கூப்பிடு" என்பார்கள். 2009இல் ஒரு ராத்திரியும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கோவில் மண்டபத்தில் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர். ஒரு பக்கம் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் அப்பா, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. எதிரே அந்த வீட்டுக்கே உறவுக்காரர் ஒருவர். என்ன நடந்தது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நடந்தது நடந்துபோச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் "இனி எங்களுக்குள் எந்தத் தாவாவும் இல்லை" என்று நான் எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பெண்ணை யாரும் அங்கே அழைக்கவில்லை, அவள் பேர் அந்தத் தாளிலும் இல்லை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள்.

அப்போது போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம், வரவில்லை. அது 2012 நவம்பர் 14 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே என்னை யாரும் கேட்க முடியாது என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன்.

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கும் பஞ்சாயத்து என்றுதான் பேர், மண்டபத்தில் உட்கார்ந்து பேசி முடிப்பதற்கும் பஞ்சாயத்து என்றுதான் பேர். ஊர்க்காரர்கள் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். அலுவலகத்தில் இருக்கிற நாங்களும் பல நேரம் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம். வரப்புத் தகராறைப் பேசி முடிக்கலாம், குழாயடிச் சண்டையைப் பேசி முடிக்கலாம். அதே நாற்காலியில், அதே குரலில், ஒரு பிள்ளைக்கு நடந்ததையும் பேசி முடிக்க உட்கார்ந்துவிடுகிறோம்.

சட்டப்படி எங்களுக்கு ஒரு வேலை இருக்கத்தான் செய்கிறது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கென்று பட்டியலிட்ட 29 துறைகளில் மகளிர், குழந்தைகள் மேம்பாடும் ஒன்று. ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் வந்த பிறகு, கிராம அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஒன்று அமைக்கச் சொன்னார்கள். ஊராட்சித் தலைவர்தான் அதற்குத் தலைவர். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், பள்ளி ஆசிரியர், ஊர்ப் பிரதிநிதிகள், இரண்டு குழந்தைகள் என்று உறுப்பினர்கள்.

எங்கள் குழுவும் ஒழுங்காகக் கூடியது, நோட்டில். கூட்டம் நடந்ததாக நானே எழுதி, அங்கன்வாடி டீச்சரிடமும் நர்சம்மாவிடமும் வழியில் பார்க்கும்போது கையெழுத்து வாங்கிக்கொள்வேன். மூன்று கூட்டத்துக்கு ஒரே நாளில் கையெழுத்து வாங்கியதும் உண்டு. மேலிடத்திலிருந்து புகைப்படம் கேட்டால், வேறெதற்கோ கூடியவர்களை ஒரு பேனர் முன்னால் நிற்கவைத்து எடுத்து குரூப்பில் போட்டுவிடுவோம். குழந்தை உறுப்பினர்கள் இரண்டு பேரும் பத்தாவது முடித்து வெளியூர் போய்விட்டார்கள். நோட்டில் மட்டும் தொடர்ந்து கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

2022இல் ஒரு மத்தியானம். நூறு நாள் வேலை அட்டை சம்பந்தமாக வந்த கூட்டம் கலைந்த பிறகும் ஒரு ஆயா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். மகனும் மருமகளும் வெளியூரில் வேலை, பேரனை அவர்தான் வளர்க்கிறார்.

"என்ன ஆயா, அட்டை வரலையா?"

"அட்டை வந்துடுச்சி தம்பி." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "அந்த மோட்டார் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

டேங்க் ஆபரேட்டரிடம் இருக்கிறது என்றேன்.

"அத அவன்கிட்டருந்து வாங்கிடுங்க."

வேறெதுவும் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். மோட்டார் ஏதோ பழுது என்று நினைத்துக்கொண்டு நான் பாக்கியிருந்த பில்லை எழுதினேன். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. பேரனுக்குப் பதினொரு வயது. ஒரு மாதமாக அவன் குடிதண்ணீர் பிடிக்க டேங்க் பக்கம் போகாமல் தெருக் கோடி அடிபம்புக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி.

ஆபரேட்டர் எங்கள் ஆள். ஊராட்சி சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஆள். சாவியும் நாங்கள் கொடுத்ததுதான். ஊருக்கு ஒதுக்குப்புறமாக, ஜன்னல் இல்லாத, பகலில் யாரும் போகாத ஒரு அறையைக் கட்டி, பூட்டி, ஒற்றைச் சாவியை ஒற்றை ஆளிடம் கொடுத்திருந்தோம்.

தலைவரம்மாவிடம் போனேன். அவருடைய வீட்டுக்காரர்தான் முதலில் பேசினார். எப்போதும் அவர்தான் முதலில் பேசுவார். "நம்ம பஞ்சாயத்து ஆளுய்யா. வெளிய தெரிஞ்சா நம்ம பேருதான் கெடும். ரெண்டு நாள் பொறு, கூப்பிட்டுக் கண்டிச்சு வேலையை விட்டு நிறுத்திடலாம். பையன்தான, பொண்ணா இருந்தாலாவது யோசிக்கலாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிறகு பல வாய்களில் கேட்டேன். போக்சோ பையன், பெண் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பதினெட்டு வயது நிரம்பாத எல்லோரும் அதற்குக் குழந்தைகள்தான். மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசினார்கள். 53.22 சதவீதம் பேர் ஏதோவொரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள், அவர்களில் பாதிக்கும் மேல் பையன்கள். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு சமாச்சாரம், ஒரு பயிற்சி வகுப்பில் தூக்கக் கலக்கத்தில் கேட்டது. போக்சோவின் 19ஆவது பிரிவுப்படி, இப்படிக் குற்றம் நடந்தது தெரிந்தால், நடந்துவிடும் என்று அச்சம் இருந்தாலும்கூட, போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. எந்தப் பேரில் இயங்கும் நிறுவனமானாலும் சரி, அதன் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவனைப் பற்றிச் சொல்லாமல் மறைத்தால் ஒரு வருஷம் வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்றும் இருக்கிறது.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனசாட்சி உந்தித்தான் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பயத்தில்தான் சொன்னேன். மறுபடியும் ஒரு பத்திரம் எழுதச் சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் அதில் இருந்தது.

தலைவரம்மா அதுவரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தக் குழந்தைகள் உதவி நம்பர் என்ன?" என்றார். 1098 என்றேன். கைகழுவிய ஈரத்தோடு போனை எடுத்து அவரே போட்டார். ஊர்ப் பேர் சொன்னார், தன் பேர் சொன்னார், "எங்க ஆபரேட்டர் மேல சந்தேகமா இருக்கு" என்றார். நடந்ததா இல்லையா என்று விசாரித்து முடிவு கட்டுவது எங்கள் வேலையில்லை, சந்தேகத்தைச் சொல்வதோடு எங்கள் வேலை முடிந்தது. இந்த ஒரு வரி எனக்கு உடம்பில் ஏற இத்தனை வருஷம் ஆயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. அந்த 1098 உதவி அமைப்பான சைல்டுலைனிலிருந்து வந்த பெண்ணிடம், ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்ப நான் தயார் செய்திருந்த அறிக்கையைப் பெருமையாகக் காட்டினேன். பையன் பேர், தகப்பன் பேர், தெரு, வகுப்பு எல்லாம் அதில் இருந்தது. வாங்கிப் படித்தவர், "சார், இந்தத் தாள் எத்தனை மேசை தாண்டும்? எந்த மேசையில போட்டோ எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு என் கையாலேயே கிழிக்கவைத்தார். பிள்ளையின் பேர், முகவரி, பள்ளி, குடும்பம் எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது என்கிறது 23ஆவது பிரிவு. ஊருக்குள் வாட்ஸ்அப்பைவிட வேகமான ஊடகம் எது இருக்கிறது? என் அழகான கையெழுத்து இரண்டாம் முறையாகவும் ஒரு பிள்ளைக்குக் கெடுதல் செய்யப் பார்த்தது.

வாக்குமூலம் எங்கே வாங்குவது என்ற கேள்வி வந்தது. ஆயா வீட்டு முன்னால் ஜீப் நின்றால் தெருவே கூடிவிடும். பிள்ளையின் வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோ வாங்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவனையே கேட்டோம். அங்கன்வாடி என்றான். நான் எதிர்பார்க்கவில்லை. சின்ன வயதில் மத்தியானத் தூக்கம் தூங்கிய இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்து திறந்துவிட்டார். பெண் சப்-இன்ஸ்பெக்டர் சுடிதாரில், ஒரு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். உள்ளே பெரியவர்கள் உட்கார நாற்காலி இல்லை. சிவப்பு பிளாஸ்டிக் குட்டி நாற்காலியில் முழங்கால் இரண்டும் தாடையைத் தொட அவர் உட்கார்ந்ததைப் பார்த்துப் பையன் சிரித்துவிட்டான். அவர் எழவில்லை, அப்படியே உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் கேட்டார். ஆயா பக்கத்தில் இருந்தார். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்று, யார் வந்தாலும் "ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு" என்று சொல்லி அனுப்பினேன்.

போலீஸ் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாவட்டத்தில் இருக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் சொன்னது. குழு ஒரு உதவி நபரை நியமித்தது. மருத்துவமனைக்கும் கோர்ட்டுக்கும் ஆயாவோடு அந்த அம்மாதான் போய்வந்தார். கோர்ட் வழக்கை எடுத்துக்கொண்ட முப்பது நாளில் பிள்ளையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், முடிந்தவரை ஒரு வருஷத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்பது சட்டம். பையன் கூண்டேறாமல் சாட்சி சொன்னபோது அடுத்த வகுப்புக்குப் போயிருந்தான்.

இடையில் மண்டபம் சும்மா இருக்கவில்லை. ஆபரேட்டர் பக்கத்து ஆட்கள் ஆயாவிடம் பணம் பேசினார்கள். என்னிடமும் வந்தார்கள், "நீ எழுதினா செல்லும்" என்று. செல்லாது என்றேன். அன்றைக்கு ஒரு ஊகத்தில் சொன்னதுதான். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதையே சொல்லிவிட்டது. ராஜஸ்தானில் மாணவியிடம் தவறாக நடந்ததாக ஒரு ஆசிரியர் மேல் இருந்த வழக்கை, குடும்பத்தோடு சமாதானம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளி, வழக்கை மறுபடி உயிர்ப்பித்தது. அந்தச் செய்தி வந்த பேப்பரை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வரி ரசீது போட வருகிறவர்கள் நின்று படிக்கிறார்கள்.

விழிப்புணர்வுப் பேரணியில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பிள்ளைகளை வெயிலில் நடக்கவைத்து, பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுவது போலக் கோஷம் போடச் சொல்கிறோம். நடக்க வேண்டியது பெரியவர்கள், அதுவும் ராத்திரியில். அந்த வழக்குக்குப் பிறகு நானும் தலைவரம்மாவும் டீச்சரும் ஏழு மணிக்கு மேல் டார்ச் இல்லாமல் ஊரைச் சுற்றினோம். எரியாத விளக்கு பதினொன்று. பொதுக் கழிப்பறையில் பெண்கள் பக்கம் இரண்டு கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. பாழடைந்த பழைய நூலகக் கட்டடத்துக்குக் கதவே இல்லை. தாழ்ப்பாள் வாங்க ஆன செலவு, பேரணிக்கு அடித்த பேனர் செலவைவிடக் குறைவு. 1098 என்ற எண்ணை அலுவலக வாசலிலிருந்து எடுத்து, பள்ளிக் கழிப்பறைச் சுவரின் உள்பக்கம், பிள்ளைகள் கண் உயரத்தில் எழுதவைத்தோம். வருஷத்துக்கு ஆறு கிராம சபையிலும் அந்த எண்ணை வாசிக்கிறேன். சபையில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கலைந்த பிறகு யாராவது ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் இப்போதெல்லாம் பில் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு தலைவரம்மாவின் பதவிக் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். ஊராட்சித் தலைவரே தலைவராக இருக்க வேண்டிய குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் இல்லாமல் போனது. தனி அலுவலருக்கு எங்கள் ஊர் மட்டுமா, இன்னும் எத்தனையோ ஊர். பழைய தலைவரம்மா வந்தால் நாற்காலியில் உட்காராமல் திண்ணையில் உட்கார்ந்து, "அந்தப் பத்தாவது விளக்கு இன்னும் எரியல" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மோட்டார் ரூம் சாவி இப்போது அலுவலக ஆணியில் தொங்குகிறது. காலையில் கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும், மோட்டாரை நிறுத்தியதும் கையெழுத்துப் போட்டு மாட்ட வேண்டும். புது ஆபரேட்டர் ஒரு பெண். போன வாரம் ரெஜிஸ்தரைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"சார், செவ்வாக்கிழமை சாயங்காலம் கையெழுத்து விட்டுப்போச்சு. இப்பப் போட்டுறட்டா?"

"வேணாம்மா, காலியாவே இருக்கட்டும்" என்றேன்.