போன வழியே திரும்பும் மனு

மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பள்ளி கவனிக்கவில்லை என்று நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை கொடுக்கும் மனு எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும். ஆட்சியரிடமிருந்து முதன்மைக் கல்வி அலுவலர், அவரிடமிருந்து மாவட்டக் கல்வி அலுவலர், கடைசியில் யார்மேல் புகாரோ அந்தத் தலைமையாசிரியரின் மேசை. ‘மாணவர் நல்ல முறையில் கவனிக்கப்படுகிறார்’ என்று அவர் ஒரு வரி எழுதினால் மனு முடிந்தது. ‘என் பிள்ளையைக் கவனிப்பதில்லை, தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதினால் வேறு பதிலை எதிர்பார்க்கவும் முடியாது.

அதனால் மனுவுக்கு முன்னால் பள்ளிக்கு ஒரு கடிதம் போக வேண்டும். ஹெச்.எம்.மிடமும் தாளாளரிடமும் பத்து முறை நேரில் கேட்டது கணக்கில் வராது. பங்குத்தந்தையே தாளாளர் என்றால் எழுத்தில் கொடுக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். இருந்தாலும் கொடுத்துவிட வேண்டும். நகலில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கேட்பது அளந்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும்: வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது, சாய்தளம், தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர் வாரத்தில் எந்த நாள் வருவார் என்பது.

எந்தச் சட்டத்தைக் காட்டுவது என்பதில்தான் இந்த மாவட்டத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 என்று எழுதினால், சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தும் பள்ளிகள் ‘நாங்கள் சிறுபான்மை நிறுவனம்’ என்று பதில் தரும். அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் பிரமதி வழக்கில் சொன்னது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 16-ஆம் பிரிவு அரசு நிதி தரும், அங்கீகரிக்கும் கல்வி நிறுவனங்கள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும். தேர்வுச் சலுகைகளுக்கு 17-ஆம் பிரிவு. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி 31-ஆம் பிரிவு. இதற்கு மட்டும் குறைபாடு 40 சதவீதமாவது இருப்பதற்கான சான்று வேண்டும். 16-ஆம் பிரிவுக்கு அந்த வரம்பு இல்லை. ‘நாற்பது இல்லையே, ஒன்றும் செய்ய முடியாது’ என்று பள்ளி சொல்வதைக் கேட்டுத் திரும்பிவிட வேண்டாம். மருத்துவச் சான்றோ யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோ இருந்தால் அதன் நகலை இணைத்துவிடுங்கள்.

இனி மனு. ஒரே பக்கம் போதும். என்றைக்குக் கேட்டோம், என்ன பதில் வந்தது, எந்தப் பிரிவு மீறப்பட்டது, என்ன உத்தரவு வேண்டும் என்ற வரிசையில் இருக்கட்டும். கடைசியில் இப்படி ஒரு வரி: ‘பள்ளியின் அறிக்கையை மட்டும் பெற்று முடிக்காமல், பெற்றோர் முன்னிலையில் நேரடி ஆய்வு செய்ய வேண்டுகிறேன்.’ மனு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நகல் ஒன்றை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் கொடுங்கள்.

அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி என்றால் தகவல் உரிமைச் சட்டம் நல்ல துணை. சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வந்த தேதிகளின் பதிவேட்டு நகலைக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பதிவேட்டுத் தேதிகளைப் பிள்ளையின் நோட்டோடு ஒப்பிட்டால் பல நேரம் புகாருக்கு வேறு ஆதாரமே தேவைப்படாது.

பொதுத்தேர்வுச் சலுகை மட்டும் இந்த வேகத்துக்குக் காத்திராது. அந்த விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். காலாண்டுத் தேர்வு முடிந்ததுமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஜனவரியில் புகார் எழுதி மார்ச் தேர்வைப் பிடிப்பது பெரும்பாடு.

மாவட்டத்தில் நகரவில்லை என்றால் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரைதான். எடுத்த நடவடிக்கையையோ ஏற்காததற்கான காரணத்தையோ சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். சட்டமீறலுக்கு 89-ஆம் பிரிவில் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். திரும்பச் செய்தால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

புகார் போனபின் பள்ளியிலிருந்து, ‘வேறு நல்ல பள்ளியில் சேர்த்துவிடுங்களேன்’ என்று அன்பாக ஒரு தாள் நீட்டப்படலாம். ‘பெற்றோர் விருப்பத்தின்பேரில்’ டி.சி. என்று அதில் இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். போட்டால், பள்ளி வெளியேற்றவில்லை, நீங்களாகவே போனீர்கள் என்று கோப்பில் ஏறிவிடும்.