கருவளையத்துக்கு அடியில் பை இல்லை

நர்ஸிங் படிப்பில் எல்லோரும் வரைந்து மார்க் வாங்கிய படம் ஒன்று உண்டு. பதினைந்து இருபது பால் நாளங்கள் காம்பை நோக்கி ஓடிவரும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்துக்கு அடியில் ஒவ்வொன்றும் சின்னப் பையாக உப்பி நிற்கும். பால் கொடுக்கும் பெண்ணின் மார்பில் அந்தப் பைகள் கிடையாது. சேலத்து வார்டுகளிலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் தாய்ப்பால் சொல்லிக்கொடுப்பவர்கள் அந்தப் படத்தை மனதிலிருந்து அழித்துவிடுவது நல்லது. படம் தப்பாக இருந்தால் கை வைக்கும் இடமும் தப்பும்.

படத்தின் வேர் 1840-இல் இருக்கிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், பால் சுரந்துகொண்டிருந்த காலத்தில் இறந்துபோன பெண்களின் நாளங்களில் வண்ண மெழுகைச் செலுத்திப் பார்த்து வரைந்தார். அழுத்தி ஏற்றிய மெழுகு நாளத்தை விரிக்கத்தானே செய்யும்? 2005-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ரேம்சே, ஹார்ட்மன் குழுவினர் பால் கொடுக்கும் 21 தாய்மார்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். காம்பில் திறக்கும் நாளங்கள் சராசரியாக ஒன்பதுதான். சிலருக்கு நாலு, சிலருக்குப் பதினெட்டு. விட்டம் 2 மி.மீ. அளவு. தோலுக்கு வெகு அருகில் ஓடுவதால் லேசாக அழுத்தினாலே மூடிக்கொள்கின்றன. சுரக்கும் திசுவில் ஏறத்தாழ 65 சதவீதம் காம்பின் அடியிலிருந்து 3 செ.மீ.க்குள்ளேயே கிடக்கிறது. பால் தங்குவது சுரப்புக் குமிழ்களில். நாளம் வெறும் வழி. இறங்கிய பாலைக் குழந்தை குடிக்காவிட்டால் அது குமிழுக்கே திரும்பிப் போகும்.

நம் ஊரில் குழந்தை வாய் வைத்ததும் பாட்டி சொல்லும் முதல் வார்த்தை, "மூக்கு அடைச்சிக்கும், விரலால அமுக்கிப் பிடி". அம்மாவும் ஆள்காட்டி விரலால் காம்புக்கு மேலே அமுக்கிப் பிடிப்பாள். விரலுக்கு அடியில் போகும் நாளம் மூடிக்கொள்ளும். குழந்தையின் வாயிலிருந்து கருவளையமும் கொஞ்சம் வெளியே இழுபடும். பால் குறைந்து, காம்பும் புண்ணாகும். கத்தரிக்கோல் போல இரண்டு விரலுக்கு நடுவில் பிடிப்பதும் இதே கதைதான். மூக்குக்கு இடம் வேண்டுமானால் குழந்தையின் பின்புறத்தை அம்மாவின் வயிற்றோடு இழுத்து அணைக்கச் சொல்லுங்கள். தலை தானாகப் பின்னால் சாய்ந்து, தாடை மார்பில் பதிந்து, மூக்கு விலகும்.

கையால் பால் எடுக்கும்போதும் கருவளையத்தின் ஓரத்தை அடையாளமாக வைக்காதீர்கள். ஒருத்திக்கு அது ஒரு ரூபாய்க் காசு அளவு, இன்னொருத்திக்கு அப்பள அளவு. காம்பின் அடியிலிருந்து 2–3 செ.மீ. பின்னால் கட்டைவிரல் மேலும் மற்ற விரல்கள் கீழுமாக எதிரெதிரே வைத்து, முதலில் விலா எலும்பை நோக்கி உள்ளே தள்ள வேண்டும். பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். தோல்மேல் விரல் வழுக்கக் கூடாது, காம்பை இழுக்கவே கூடாது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றும் வராது; பால் இறங்கும்வரை பொறுக்க வேண்டும். ஒரு இடம் வற்றியதும் விரல்களைக் கடிகார முள் போலச் சுற்றி நகர்த்தவும்.

முதல் இரண்டு நாள் பம்ப் வேண்டாம். சீம்பால் பிசுபிசுப்பு, பம்பின் சுவரிலேயே ஒட்டிப் போய்விடும். துளி துளியாக 2 மி.லி. சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்தால் வீணாகாது. அளவு கூடிய பிறகு பாலாடைக் கிண்ணத்தில் புகட்டலாம்.

அளவு என்றதும் ஒரு கணக்கு. முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு 2–10 மி.லி., அடுத்த நாள் 5–15, மூன்றாம் நாள் 15–30. முதல் நாளில் ஒரு டீஸ்பூன் வந்தால் அது குறை இல்லை, அதுதான் சரியான அளவு. "பாலே இல்ல, சேனைத்தண்ணி தொட்டு வைக்கலாமா" என்ற கேள்வி வருவதும் இந்த நேரத்தில்தான். இந்த எண்களைச் சொல்லாமல் வெறுமனே கூடாது என்று மட்டும் சொன்னால், நர்ஸ் தலை மறைந்ததும் சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போயிருக்கும்.

சீம்பால் கர்ப்பத்தின் நடுவிலேயே ஊற ஆரம்பித்துவிடுகிறது. பெருகாமல் அதைப் பிடித்து வைத்திருப்பது நஞ்சுக்கொடி தரும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். நஞ்சு விழுந்ததும் புரோஜெஸ்டிரோன் சரிகிறது. பாலை ஊறவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது. சுரப்புச் செல்களுக்கு நடுவே இருந்த சந்துகள் மூடிக்கொள்கின்றன. பாலில் சோடியம் குறைந்து லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஏறுகிறது, லாக்டோஸ் தண்ணீரை இழுக்கிறது, மார் கனக்கிறது. இதெல்லாம் பிரசவமான 30 முதல் 72 மணி நேரத்துக்குள் நடக்கும். தலைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய், உடல் பருமன் இருந்தால் தள்ளிப்போகலாம். 72 மணி தாண்டியும் மார் கனக்கவில்லை, அதிக ரத்தப்போக்கும் நிற்கவில்லை என்றால் வெந்தயம் பூண்டு எழுதிக்கொண்டிருக்காமல் நஞ்சுத் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரசவத்தில் பெருமளவு ரத்தம் போனவர்களுக்கு ஷீஹன் பாதிப்பும் (ரத்த இழப்பால் பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப் பால் ஊறாமல் போவது) நினைவில் இருக்கட்டும்.

சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் டிஸ்சார்ஜ். பால் பெருகும் நேரமும் அதே. கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மலைக் கிராமத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அன்று ராத்திரி மார் கல்லாகிறது. வார்டில் சொல்லிக்கொடுக்காததை அங்கே யார் சொல்லப்போகிறார்கள்? அந்தக் கல்லில் பால் மட்டும் இல்லை. திசுவில் கோர்த்த நீரும் உண்டு, குளுக்கோஸ் பாட்டில் நிறைய ஏறியிருந்தால் இன்னும் கூடுதல். கருவளையம் பந்து போல இறுகி, குழந்தையின் வாய் வழுக்கும். அப்போது பம்பை வேகமாக வைத்தால் நீர் கருவளையத்துக்கே இழுக்கப்பட்டு நிலைமை மோசமாகும். செய்ய வேண்டியது நேர்மாறானது. அம்மாவைச் சாய்ந்து படுக்கவைத்து, நகம் வெட்டிய விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றிப் பூப்போல வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடமாவது விடாமல் அழுத்தவும். நீர் பின்னால் நகர்ந்து கருவளையம் இளகும். உடனே குழந்தையை வைக்கவும். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் முன் அம்மாவைக் கொண்டே இதை ஒருமுறை செய்யவைத்துவிட வேண்டும்.

பால் இறங்குவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் வேலை. குமிழைச் சுற்றியுள்ள தசைச் செல்களை இறுக்கி அது பாலைத் தள்ளுகிறது. வலி, பயம், மாமியார் பக்கத்தில் நின்று கணக்குக் கேட்பது எல்லாம் அதைத் தடுக்கும். அப்போது பால் உள்ளேதான் இருக்கும், இறங்காது. புரோலாக்டின் இரவில் அதிகம். அம்மா தூங்கட்டும் என்று இரவுப் பாலைப் பாட்டில் ஆக்குவது அதனால் கெடுதலாக முடிகிறது. முதல் சில வாரங்களுக்குப் பிறகு நிர்வாகம் மார்பின் கைக்கே வந்துவிடும்: எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவு ஊறும். ஒரு பக்கமே கொடுத்தால் மறு பக்கம் மட்டும் வற்றுவது இதனால்தான். கொலுசுப் பட்டறைக்கோ தறிக்கோ திரும்பும் அம்மா எட்டு மணி நேரம் எடுக்காமல் இருந்தால், சேமிக்கும் இடம் சிறிதாக உள்ளவருக்குச் சீக்கிரமே குறைந்துவிடும். மார்பின் வெளி அளவை வைத்து அதைச் சொல்ல முடியாது.

மார் சிவந்து, கட்டி வலித்து, காய்ச்சல் வந்தால் நம் வழக்கம் வெந்நீர் ஒத்தடம், விளக்கெண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பு, "காலி பண்ணு" என்ற கட்டளை. மூன்றுமே இப்போது மாறிவிட்டன. 2022-இல் வந்த ஏ.பி.எம். (தாய்ப்பால் மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்பு) நெறிமுறை 36, நாளத்தில் பால் கட்டி உறைந்து அடைப்பதாகப் பார்ப்பதில்லை. வீங்கிய திசு நாளத்தை நெருக்குவதாகவே பார்க்கிறது. தேய்த்தால் வீக்கம் கூடும். காலி செய்யக் கூடுதலாக எடுத்தால் கூடுதலாக ஊறும். குளிர்ந்த ஒத்தடம், வலியும் வீக்கமும் குறைக்கும் இபுப்ரொஃபேன், வழக்கம்போலக் குழந்தைக்குக் கொடுப்பது, இவ்வளவுதான் முதல் 24 மணி நேரத்துக்கு. அதற்குப் பிறகும் காய்ச்சலும் சிவப்பும் குறையாவிட்டால் மருத்துவரிடம் ஆன்டிபயாடிக். கட்டி தளதளவென்று ஆகிவிட்டால் சீழ். அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசியால் எடுப்பார்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை, திடீரென நிறுத்தினால் சீழ்க்கட்டிக்கு வாய்ப்பு கூடும்.

குழந்தையை இழந்தவர்களுக்குப் பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். வேலூர் மருத்துவர்கள் அதை, பால் வற்றத் தரும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-இல் வெளியிட்டார்கள். புரோலாக்டினை மாத்திரை அதிகம் குறைத்தது; மார் கனம் குறைவதிலும் பால் வற்றுவதிலும் பூ ஏறக்குறைய அதற்கு ஈடாக நின்றது.

கடைசியாக, வெயில். தாய்ப்பாலில் 87 சதவீதம் தண்ணீர். ஏப்ரல் சேலத்திலும் ஆறு மாதம்வரை தனியாகத் தண்ணீர் தேவையில்லை, அடிக்கடி பால் கொடுத்தால் போதும். எடுத்து வைத்த பால் அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும் என்று எழுதித் தருகிறோமே, அது 29 டிகிரி வரைக்குமான கணக்கு. ஏற்காட்டில் பொருந்தும். அக்கினி வெயிலில் தகரக் கூரை வீட்டுக்கு அதையே சொல்லாதீர்கள். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் எடுத்த கையோடு பாலாடையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.